றாத்தல், அவுன்ஸைக் கிராமுக்கு மாத்துறது: அவுன்ஸுக்கு ஏன் மூண்டு விடை வருது?

கேக்_வாணி:
எல்லாருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில வீட்டில வச்சு கேக் ஓடர் செய்யிறனான். இந்த நத்தாருக்கு அம்மம்மாவின்ர ரிச் கேக்கை விற்பனைக்குப் போடுவம் எண்டு யோசிக்கிறன். கொப்பி முழுக்க றாத்தலும் (பவுண்ட், lb) அவுன்ஸும்தான். அதில உள்ளபடி:

ரவை ½ றா., பட்டர் ¾ றா., சீனி 1 றா., கஜு 1 றா., சுல்தானா 1 றா., பூசணித் தோசி 1 றா., இஞ்சிப்பாகு 4 அவு., முட்டை மஞ்சள்கரு 20, தேன் 4 அவு., பன்னீர் 2 அவு., பிரண்டி 4 அவு.

ஒரு றாத்தல் பாண் 450 கிராம்தானே, அப்ப றாத்தலுக்கு 450 எண்டு போடட்டா? இணையத்தில 453.592 எண்டு கிடக்கு. அவுன்ஸுக்கு ஒரு இடத்தில 28.35, இன்னொரு இடத்தில 29.57, வேறொரு இடத்தில 31.1. எதை எடுக்கிறது? மற்றது, வயசான ஆக்கள் போன் எடுத்து "ரெண்டு றாத்தல் கேக் வேணும்" எண்டு கேக்கினம். ஒரு கிலோ பெட்டியைக் குடுத்து விடலாமோ?

சும்மா_ஒருத்தன்:
போனில அடிச்சா ஒரு செக்கனில விடை வரும். இதுக்கு ஒரு இழையா அக்கா?

கணக்கு_சேர்:
தம்பி, போனுக்கு "அவுன்ஸ்" எண்டு மட்டும் குடுத்தா, "எந்த அவுன்ஸ்?" எண்டு அது உங்களைத் திருப்பிக் கேக்காது. தனக்குத் தெரிஞ்ச ஒண்டை எடுத்து மாத்தித் தந்துபோட்டுப் பேசாம இருக்கும். வாணிப் பிள்ளைக்கு வந்த மூண்டு இலக்கமும் சரியான இலக்கங்கள். பிரச்சினை என்னெண்டா, மூண்டும் வேற வேற அளவுகள்.

28.35 கிராம் சாதாரண எடை அவுன்ஸ். 16 அவுன்ஸ் ஒரு றாத்தல். 31.1035 கிராம் ட்ராய் அவுன்ஸ், தங்கம் வெள்ளிக்கு உரியது. 29.57 கிராமே இல்லை, அது மில்லிலீற்றர்: அமெரிக்காவின்ர திரவ அவுன்ஸ். உங்கட அம்மம்மா இலங்கையில எழுதின கொப்பி எண்டா அது இங்கிலாந்து முறை. அதில திரவ அவுன்ஸ் 28.41 மில்லிலீற்றர்.

றாத்தலுக்கு வருவம். 1959ஆம் ஆண்டு அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆறும் சேர்ந்து ஒரு றாத்தல் சரியாக 0.45359237 கிலோ எண்டு முடிவு செய்தவை. அதுக்கு முந்தி அமெரிக்க றாத்தலும் பிரித்தானிய றாத்தலும் மயிரிழை வித்தியாசத்தில இருந்தது. இப்ப அந்தக் குழப்பம் இல்லை. அதால 453.592 எண்டுறதில சந்தேகப்பட ஒண்டுமில்லை.

ஆனா கேக்குக்கு அந்தத் துல்லியம் தேவையோ? தேவையில்லை. பட்டர், சீனி, ரவை, கஜு எல்லாத்தையும் றாத்தலுக்கு 450 எண்டே மாத்தினா விகிதம் அப்பிடியே இருக்கும், கேக் நூற்றுக்கு ஒண்டிலும் குறைவா சின்னனாகும், அவ்வளவுதான். எண்ணிப் போடுற முட்டை மட்டும்தான் மாறாம நிக்கும். ஒரு முட்டைக்கும் இன்னொரு முட்டைக்கும் உள்ள வித்தியாசமே இதைவிடப் பெரிசு.

செய்யக்கூடாதது ஒண்டு இருக்கு: கலந்து மாத்துறது. பட்டருக்கு 450, சீனிக்கு 500 ("கிட்டத்தட்ட அரைக் கிலோதானே" எண்டு), கஜுவுக்கு 453.6 எண்டு போட்டா விகிதம் குலைஞ்சு போகும். அரைக் கிலோ ஒரு றாத்தலைவிடப் பத்து வீதம் கூட.

கேக்_வாணி:
நன்றி சேர். அப்ப தேன் 4 அவுன்ஸ் எண்டது எடையோ திரவமோ? கொப்பியில அதைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை.

கணக்கு_சேர்:
நல்ல கேள்வி, இந்தப் பட்டியல்ல இடறுற இடம் அதுதான். பன்னீருக்கும் பிரண்டிக்கும் எந்தப் பக்கம் எடுத்தாலும் ஒண்டும் கெடாது. இங்கிலாந்து முறையில ஒரு திரவ அவுன்ஸ் தண்ணி நிறுத்தாலும் ஒரு அவுன்ஸ்தான் இருக்கும், அளவை அப்பிடித்தான் வச்சவங்கள். பிரண்டி தண்ணியைவிடக் கொஞ்சம் லேசு, விட்டுத்தள்ளலாம்.

தேன் அப்பிடியில்லை. தண்ணியைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு பாரம். 4 அவுன்ஸை எடையா எடுத்தா 113 கிராம். அதையே அளவுக் கிளாசில ஊத்தினா 114 மில்லிலீற்றர், தராசில வச்சுப் பாத்தா 160 கிராம் காட்டும். ஒரு கேக்குக்கு 47 கிராம் தேன் கூடக்குறைய எண்டா ருசியிலும் பிசுபிசுப்பிலும் தெரியும்.

அந்தக் காலத்து வீடுகளில மருந்துக் கிளாஸ், அவுன்ஸ் கோடு போட்ட போத்தல் எல்லாம் இருந்தது. பன்னீர், பிரண்டிக்குப் பக்கத்தில தேனையும் எழுதியிருக்கிற வரிசையைப் பாத்தா அதையும் ஊத்தித்தான் அளந்திருப்பா எண்டு நினைக்கிறன். வீட்டில ஆரும் பக்கத்தில நிண்டு பாத்த ஆள் இருந்தா கேளுங்கோ. இல்லாட்டி பாதி அளவில ரெண்டு விதமாயும் செய்து பாருங்கோ.

புறக்கோட்டை_நானா:
தங்கச்சி, நான் தராசு விக்கிற ஆள். ஒரு விஷயம் சொல்றேன். இப்ப வார சின்ன டிஜிட்டல் தராசுல யுனிட் மாத்துற பட்டன் ஒண்டு இருக்கும். அதை அமுக்க அமுக்கக் கிராம், அவுன்ஸ், ட்ராய் அவுன்ஸ், கரட் எண்டு சுத்திக்கிட்டே வரும். அவுன்ஸும் ட்ராய் அவுன்ஸும் எழுத்துல ஒரே ஒரு எழுத்துத்தான் வித்தியாசம், கண்ணாடி இல்லாம பாத்தா விளங்காது. வீட்டுல பிள்ளைகள் பட்டனைத் தட்டி விட்டிருந்தா நீங்க 4 அவுன்ஸ் எண்டு நிறுக்குறது 124 கிராம் ஆகிடும். தராசைக் கிராமுல விட்டுட்டு மாத்துறதைக் கடதாசில செய்ங்க.

இன்னொண்டு. விலைக்கு விக்கிறதுக்கு நிறுக்குற தராசு எண்டா முத்திரை வச்ச தராசு வேணும். 1995ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம் இருக்கு, அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் அதைப் பாக்குது. சமையலுக்கு வாங்குற ஐயாயிரம் ரூவாத் தராசு அதுக்குள்ள வராது.

வத்தளை_வாசகன்:
பாண் விசயத்துக்கு வாறன். 2024 பெப்ரவரியில வந்த வர்த்தமானிப்படி முழுப் பாண் 450 கிராம், அரைப் பாண் 225. முழுப் பாணில 13.5 கிராம், அரைப் பாணில 9 கிராம் வரைக்கும் குறையலாம். அப்ப 436.5 கிராம் பாணும் "ஒரு றாத்தல் பாண்"தான், சட்டப்படி சரி. எங்கட பக்கத்துப் பேக்கரி ஒண்டில நிறுத்துப் பாத்தா அதிலும் கீழதான் நிக்குது, அது வேற கதை.

கணக்கு_சேர்:
அதாலதான் பாணை வச்சு றாத்தலை மதிக்கக்கூடாது. பாண் 450 எண்டது விற்பனைக்கு வச்ச ஒரு வட்ட இலக்கம்.

ரொறன்ரோ_சித்தப்பா:
இங்க கனடாவில பட்டர் கட்டியில 454 கிராம் எண்டு அச்சடிச்சிருப்பாங்கள். கிலோவுக்கு மாறி எவ்வளவு காலம், இன்னும் கட்டி மட்டும் ஒரு றாத்தல் அச்சிலதான் வருது. மரக்கறிக் கடையில பெரிய எழுத்தில றாத்தல் விலை, அதுக்குக் கீழ சின்னன் சின்னனா கிலோ விலை. சனம் பெரிய எழுத்தைப் பாத்து மலிவெண்டு வாங்கும்.

வாணி, ரெண்டு றாத்தல் கேட்டவைக்குக் கிலோ குடுத்தா நீங்கதான் நட்டப்படுவியள். ரெண்டு றாத்தல் 907 கிராம். பெட்டிக்கு 93 கிராம் சும்மா போகுது. ரிச் கேக்கில 93 கிராம் எண்டா அது கஜு விலை பிள்ளை!

கேக்_வாணி:
ஐயோ, இப்பத்த கஜு விலைக்கு நான் அழுதுபோடுவன் சித்தப்பா. லேபிளில கிராம் மட்டும் போடுறன். 450, 900 எண்டு ரெண்டு பெட்டி. போனில றாத்தல் எண்டு கேட்டா "900 கிராம் பெட்டி அம்மா" எண்டு சொல்லிவிடுறன்.

சேர் சொன்னபடி மாத்தினது இது, ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ: ரவை 225, பட்டர் 340, சீனி 450, கஜு 450, சுல்தானா 450, தோசி 450, இஞ்சிப்பாகு 115, தேன் 114 மில்லி, பன்னீர் 57 மில்லி, பிரண்டி 114 மில்லி.

கணக்கு_சேர்:
பட்டர் 338 எண்டு வரவேணும், நீங்க 453.6இல மாத்தியிருக்கிறியள். 2 கிராமுக்கு நான் சண்டை பிடிக்கேல்லை, 340 நல்ல இலக்கம். அப்பிடியே விடுங்கோ.

நகைப்பட்டறை_11:
31.1 எண்டு கண்டதும் உள்ள வந்தேன். செட்டியார் தெருவில வாற வாடிக்கையாளருல பாதிப்பேர் இப்ப போனில உலகச் சந்தை விலையைப் பாத்துட்டுத்தான் வாறாங்க. வந்து "அவுன்ஸ் இவ்வளவு, உங்க பவுன் ஏன் இந்த விலை?" எண்டு சண்டை. கணக்குப் போட்டுக் காட்டினா பிழை ரெண்டு இடத்துல வரும்.

விளங்குறதுக்காக அவுன்ஸ் 2,000 டொலர் எண்டு வைப்பம், இண்டைய விலை இல்லை. அதை 31.1035ஆல பிரிச்சா கிராம் 64.30 டொலர். 8 கிராம் பவுன் 514.40. இதை விட்டுட்டு சமையல் அவுன்ஸ் 28.35ஆல பிரிச்சா பவுன் 564.40 எண்டு வரும். பவுனுக்கு 50 டொலர் பிழை. பழைய நகையை விக்க வாற ஆள் இப்பிடிக் கணக்குப் போட்டுட்டு வந்தா நாங்க ஏமாத்துறதாத்தான் நினைப்பார்.

ரெண்டாவது, உலக விலை 24 கரட்டுக்கு. பவுன் நகை 22 கரட். 514.40ஐ 22ஆல பெருக்கி 24ஆல பிரிக்கணும், 471.50 வரும். அதுக்கு மேலதான் வரி, செய்கூலி, சேதாரம், உள்ளூர்ச் சந்தை ஏத்த இறக்கம் எல்லாம்.

பவுன் 8 கிராம் எண்டதும் வட்டமாக்கின கணக்குத்தான். இங்கிலாந்துச் சவரன் காசு 7.988 கிராம். பெட்டியில பழைய காசு வச்சிருக்கிறவங்க நிறுத்துப் பாத்துட்டுக் "குறையுது" எண்டு பயப்பட வேண்டாம்.

சும்மா_ஒருத்தன்:
அப்ப இரத்தினக்கல்லுக்குச் சொல்ற கரட்டும் இந்தக் கரட்டா?

நகைப்பட்டறை_11:
இல்லை தம்பி. கல்லுல கரட் எண்டா எடை, 0.2 கிராம். தங்கத்துல கரட் எண்டா 24 பங்குல எத்தனை பங்கு தங்கம் எண்டது. அஞ்சு கரட் நீலக்கல் ஒரு கிராம்.

மருந்தாளர்_கொட்டாஞ்சேனை:
கேக்கில பிழைச்சா கேக்தான் போகும். நான் சொல்ல வாறது பிள்ளைகளின்ர நிறை. வெளிநாட்டில இருந்து லீவுக்கு வாற குடும்பங்கள் மருந்து வாங்க வரேக்க "பிள்ளை என்ன நிறை?" எண்டு கேட்டா "இருபத்திரண்டு" எண்டுவினம். அலகு சொல்ல மாட்டினம். அவை நினைக்கிறது றாத்தல். கேக்கிற ஆள் கிலோ எண்டு எடுத்தா என்ன நடக்கும்?

22 றாத்தல் 10 கிலோ. பரசிட்டமோல் கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில 150 மில்லிகிராம், 5 மில்லிக்கு 120 உள்ள பாணியில 6.25 மில்லி. 22 கிலோ எண்டு எடுத்தா 330 மில்லிகிராம், 13.75 மில்லி. இரண்டு மடங்குக்கு மேல, அதுவும் நாளைக்கு மூண்டு நாலு தரம். பிள்ளையைப் பாத்தாலே 22 கிலோ இல்லையெண்டு தெரியும், ஆனா போனில கேட்டு மருந்து எடுக்கிற காலம் இது. நிறையைச் சொன்னா கிலோவோ றாத்தலோ எண்டதையும் சேத்துச் சொல்லுங்கோ. அளவை டொக்டரோ மருந்தாளரோ தீர்மானிக்கட்டும், இந்த இழையைப் பாத்து ஊத்தாதேங்கோ.

பிறந்த பிள்ளைக்கு இன்னொரு குழப்பம். கிளினிக் கார்டில 3.1 கிலோ. அம்மம்மா "எத்தினை றாத்தல்?" எண்டு கேப்பா. கல்குலேட்டரில 6.83 வரும். அதை "ஆறு றாத்தல் எட்டு அவுன்ஸ்" எண்டு சொல்லிப்போடுவினம். புள்ளிக்குப் பின்னால வாற 0.83ஐ 16ஆல பெருக்கவேணும், 13 அவுன்ஸ். ஆறு றாத்தல் பதின்மூண்டு. அம்மம்மாவுக்கு அஞ்சு அவுன்ஸ் குறைச்சுச் சொன்னா அவ மகளுக்குச் சாப்பாடு குடுக்கேல்லை எண்டு சண்டைக்கு வருவா.

ஹட்டன்_பையன்:
எங்க பாட்டி இன்னமும் கொழுந்தை றாத்தலிலதான் சொல்லுவாங்க. "நான் ஐம்பது றாத்தல் எடுத்தவ"ன்னு. இப்ப தோட்டத்துல எல்லாம் கிலோதான். ஐம்பது றாத்தல்னா 22.7 கிலோ. பேர் போட (முழுநாள் சம்பளம் பதிய) 18 கிலோ, 20 கிலோன்னு கேக்குற காலத்துல பாட்டி சொல்றதை மாத்திப் பாத்தப்பதான் அவங்க சும்மா பெருமையடிக்கலைன்னு தெரிஞ்சது. கொழுந்து நிறுக்கிற எடத்துல சாக்குக்கும் தண்ணிக்கும்னு கழிக்கிறாங்களே, அதுக்கு எந்த அட்டவணையும் கெடையாது.

ரொறன்ரோ_சித்தப்பா:
கட்டுநாயக்கவால வாற ஆக்களுக்கு: டிக்கற்றில 23 கிலோ / 50 றாத்தல் எண்டு ரெண்டும் போட்டிருக்கும். ரெண்டும் ஒண்டில்லை. 50 றாத்தல் 22.7 கிலோ. இங்க இருந்து கொண்டுவாற கைத்தராசில 51 காட்டினா 23 கிலோவைத் தாண்டியாச்சு. 49இல நிப்பாட்டுங்கோ, கைத்தராசு தூக்கிப் பிடிக்கிற கைக்கு ஏத்த மாதிரி ஆடும். கவுண்டரில பெட்டியைத் திறந்து மிளகாய்த்தூளை எடுத்து ஜக்கற்றுக்குள்ள வைக்கிற காட்சி எனக்குப் பழகிப் போச்சு.

கணக்கு_சேர்:
பெட்டிக்கு மனக்கணக்கே போதும். கிலோவை இரட்டிச்சு, வந்ததில பத்தில ஒண்டைக் கூட்டுங்கோ: 30 கிலோ, 60, அதோட 6, 66 றாத்தல். சரியான விடை 66.14. திருப்பி றாத்தலில இருந்து வாறதுக்குப் பாதியாக்கிப் பத்தில ஒண்டைக் கழிக்கச் சொல்லுவினம்: 150 றாத்தல், 75, 7.5 போக 67.5. ஆனா உண்மை 68.04, அரைக் கிலோ குறையுது. அதைவிட 11 றாத்தல் 5 கிலோ எண்டு பிடியுங்கோ. 150ஐ 5ஆல பெருக்கி 11ஆல பிரிச்சா 68.2.

லண்டன்காரர் "பதினொரு ஸ்ரோன் நாலு" எண்டு உடம்பு நிறை சொன்னா, ஒரு ஸ்ரோன் 14 றாத்தல். 154, அதோட 4, 158. கிலோவில 71.7.

விமானம் எண்டதும் ஞாபகம் வருது. 1983 யூலை 23, எயார் கனடா 143. புத்தம்புது போயிங் 767, கனடா அப்ப கிலோவுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். எரிபொருள் மானி வேலை செய்யேல்லை, அதால தாங்கியில கோல் விட்டு அளந்தவை: 7,682 லீற்றர் இருக்கு. தேவை 22,300 கிலோ. லீற்றரை எடையாக்க 1.77ஆல பெருக்கினவை. அந்த 1.77 லீற்றருக்கு எத்தனை றாத்தல் எண்ட இலக்கம்! 13,597 "கிலோ" இருக்கெண்டு முடிவெடுத்து, மிச்சத்துக்கு 4,900 லீற்றர் சொச்சம் நிரப்பினவை. கிலோ கணக்கு ஏறக்குறைய 0.8. அந்த 0.8ஐப் போட்டிருந்தா 20,000 லீற்றர் நிரப்பியிருக்கவேணும். நடு வானில ரெண்டு எஞ்சினும் நிண்டு, கிம்லி எண்ட பழைய விமானப்படைத் தளத்தில மிதந்து வந்து இறக்கினவை. 69 பேரும் தப்பினவை.

பெருக்கல், கழித்தல் எல்லாம் சரியாப் போட்ட கணக்கு அது. வகுப்பில எண்டா அலகு எழுதாததுக்கு நான் அரை மாக்ஸ்தான் வெட்டியிருப்பன்.

சும்மா_ஒருத்தன்:
சரி சேர், ஒரு செக்கன் எண்டதை வாபஸ் வாங்குறன்.

வன்னி_மண்வெட்டி:
எங்கட பக்கம் அந்தரை மறந்துபோட்டியள். உரம், வெங்காயம் எல்லாம் இன்னும் அந்தர்க் கணக்குத்தான். கொழும்பில மொத்தமா எடுக்கிற ஆக்கள் 50 கிலோ மூட்டையை அந்தர் எண்டு எழுதுவினம். ரெண்டும் ஒண்டோ?

கணக்கு_சேர்:
இல்லை. அந்தர் 112 றாத்தல், 50.8 கிலோ. ஒரு மூட்டையில 800 கிராம் பெரிசாத் தெரியாது, நூறு மூட்டையில 80 கிலோ வெங்காயம் போகும். 20 அந்தர் ஒரு இங்கிலாந்துத் தொன், 1,016 கிலோ. இப்பத்தைய மெற்றிக் தொன் 1,000. அமெரிக்கன் தொன் 907 மட்டும்தான், அவங்கட அந்தர் 100 றாத்தல். பில்லில "அந்தர்" எண்டு எழுதவிடாதேங்கோ, கிலோ எழுதச் சொல்லுங்கோ.

வன்னி_மண்வெட்டி:
நெல்லு புசலுக்கும் ஒரு இலக்கம் சொல்லுங்கோ சேர், அதோட முடிச்சிடுறன்.

கணக்கு_சேர்:
புசல் எடையில்லை, கொள்ளளவு. இங்கிலாந்துப் புசல் 36.37 லீற்றர். நெல்லுக்கு 46 றாத்தல், அதாவது 20.9 கிலோ எண்டு வச்சு மாத்துறவை. ஆனா ஈரமும் பதரும் கூடக்குறைய இருந்தா அதே புசல் வேற நிறை காட்டும். விக்கிறதெண்டா தராசில ஏத்தி விக்கிறதுதான் நல்லது.